வெடிமருந்தோடு விளையாடிய மேதை: ஜெக் பார்சன்ஸின் வாழ்வும் அது விட்டுச்சென்ற பாடமும்

விண்வெளிப் பயணத்தின் வரலாற்றை எழுதுவோர் வழமையாக ஒரு சில பெயர்களையே முதலிற் குறிப்பிடுவர். ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி, அமெரிக்காவின் கொடார்ட், ஜேர்மன் மொழியில் எழுதிய ஒபேர்த், பின்னாளில் சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய ரொக்கெட்டை உருவாக்கிய வொன் பிரவுன் ஆகியோர் இவ்வரிசையில் இடம்பெறுவர். இவர்கள் அனைவரும் கற்றறிந்தோர். கணிதத்தின் துணைகொண்டு விண்ணை அளந்தவர்கள். ஆனால் பல்கலைக்கழகப் பட்டம் எதுவுமின்றி, வீட்டு முற்றத்தில் வெடிமருந்தைக் கலந்து விளையாடிய ஒரு சிறுவனும் இந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயத்தை எழுதியிருக்கிறான் என்பது பலரும் அறியாத செய்தியாகும். அவர்தான் ஜெக் பார்சன்ஸ். இன்றைய பெரும் ரொக்கெட்டுகளிற் பயன்படும் திண்ம உந்துபொருளின் மூலவடிவத்தைக் கண்டறிந்தவர் அவர். தனது 37 ஆவது வயதில், தன் வீட்டு ஆய்வுகூடத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் மாண்டவரும் அவரே.

ஒருவரின் வாழ்வில் ஆக்கமும் அழிவும் ஒரே ஊற்றிலிருந்து சுரப்பதுண்டு. பார்சன்ஸின் வாழ்வு அத்தகையது. அவரை உயர்த்திய துணிச்சலே அவரை வீழ்த்தவும் செய்தது. அறிவியலில் ஆர்வங்கொண்ட இளைஞர்களும் அவர்களை வழிநடத்தும் பெற்றோரும் ஆசிரியர்களும் இவ்வாழ்வை அறிந்து வைத்திருப்பது பயன்தரும்.

பார்சன்ஸ் 1914 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையின் பெயரே அவருக்கும் சூட்டப்பட்டிருந்தது. பெற்றோர் விரைவிலேயே பிரிந்துவிட்டமையால் தாயார் அப்பெயரைக் கைவிட்டு மகனை ஜோன் என்றும் ஜெக் என்றும் அழைக்கலானார். தாய்வழிப் பாட்டனார் செல்வந்தர். பசடீனா நகரில் செல்வர்கள் வாழ்ந்த ஒரேஞ்ச் குரோவ் வீதியில் அமைந்த மாளிகையில் சிறுவன் வளர்ந்தான். உடன்பிறந்தோர் இல்லை. நண்பர்களும் குறைவு. புத்தகங்களே துணையாயின. ஜூல்ஸ் வேர்னின் கதைகளும் அக்காலத்தில் மலிவுவிலையில் வெளிவந்த விஞ்ஞானக் கற்பனைச் சஞ்சிகைகளும் சந்திரனுக்குப் போகலாம் என்ற கனவை அவன் உள்ளத்தில் ஆழமாக விதைத்தன.

பாடசாலையில் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை என்பதால் ஏனைய மாணவர்களின் தொல்லைக்கு ஆளானபோது, அவனைக் காப்பாற்றிய எட்வர்ட் போர்மன் என்ற மாணவன் உயிர்த்தோழன் ஆனான். போர்மன் வசதி குறைந்த குடும்பத்தைச் சேர்ந்தவன். ஒருவனுக்கு இரசாயனத்தில் நாட்டம். மற்றவனுக்கு இயந்திரங்களில் கைவண்ணம். 1928 ஆம் ஆண்டளவில் இருவரும் வாணவெடிகளைப் பிரித்தெடுத்த கருமருந்தைக் கொண்டு சிறு ரொக்கெட்டுகளைச் செய்து ஏவத் தொடங்கினர். வீட்டின் பின்முற்றம் எங்கும் தீக்காயத் தழும்புகள். அருகிலிருந்த அரோயோ செக்கோ என்னும் வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கே அவர்களின் சோதனைக் களமானது. வெறும் மருந்துத் தூளை இறுக்கி அடைப்பதிலும் பார்க்க அதனை ஒட்டுப்பசையுடன் கலந்தால் சீராக எரியும் என்பதை அவர்கள் விளையாட்டினூடாகவே கண்டுகொண்டனர். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற கண்டுபிடிப்பின் முதற் பொறி இதுவே எனலாம்.

குறும்பும் கூடவே வளர்ந்தது. ஒழுக்கம் பழகட்டும் என்று சான் டியாகோ நகரிலிருந்த இராணுவப் பாடசாலைக்கு அனுப்பப்பட்ட சிறுவன், அங்கு கழிவறைகளை வெடிவைத்துத் தகர்த்தமைக்காக வெளியேற்றப்பட்டான் என அவரது வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். இத்தகைய செயல்களைச் சிறுபராயக் குறும்பு என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் ஆபத்தை ஆபத்தாகக் கருதாத மனோபாவம் எங்கு வேர்கொண்டது என்பதை அறிய விரும்புவோர் இந்தச் சம்பவத்தைக் கடந்து செல்ல முடியாது. முற்றத்தில் வெடித்தபோது எவருக்கும் காயமில்லை. பள்ளத்தாக்கில் வெடித்தபோதும் காயமில்லை. ஒவ்வொரு தப்பித்தலும் அடுத்த துணிச்சலுக்கு அனுமதிச் சீட்டாகியது.

1929 இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தம் குடும்பத்தின் செல்வத்தைக் கரைத்தது. 1931 இல் பாட்டனாரும் காலமானார். பார்சன்ஸ் வெடிமருந்துத் தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சென்றார். உயர்கல்வியைத் தொடர்வதற்குப் பணமில்லை. ஆயினும் தொழிற்சாலையே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. எந்த இரசாயனம் எந்த வெப்பத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை ஏடுகளிற் படித்தவர்களைவிட அவர் நுணுக்கமாக அறிந்திருந்தார். வெடிபொருட்களைப் பற்றிய அவரது அறிவு இருபது வயதிலேயே வியப்புக்குரியதாயிருந்தது.

1935 ஆம் ஆண்டில் கல்டெக் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவனத்தில், வில்லியம் பொலே என்னும் ஆராய்ச்சி மாணவர் ரொக்கெட் விமானங்கள் பற்றி உரையாற்றினார். பத்திரிகையில் வெளியான அச்செய்தி பார்சன்ஸையும் போர்மனையும் அந்நிறுவனத்தின் வாசலுக்கு அழைத்துச் சென்றது. பொலே அவர்களை பிராங்க் மலினா என்ற மற்றொரு மாணவரிடம் ஆற்றுப்படுத்தினார். மலினா கணிதத்திலும் காற்றியக்கவியலிலும் வல்லவர். எதனையும் அளந்து, குறித்து, கணித்த பின்னரே செய்பவர். பார்சன்ஸ் உள்ளுணர்வால் இயங்கும் இரசாயனவியலாளர். போர்மன் கைதேர்ந்த பொறிவினைஞர். இம்மூவரின் சேர்க்கை அபூர்வமானது. கல்டெக்கின் விமானவியல் ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கிய தியோடர் வொன் கார்மன் உலகப் புகழ்பெற்ற அறிஞர். ரொக்கெட் என்ற சொல்லையே கேலிக்குரியதாகப் பலர் கருதிய அக்காலத்தில், பட்டமற்ற இரு இளைஞர்களையும் தன் குடையின்கீழ் ஆய்வு செய்ய அனுமதித்தமை அவரது பெருந்தன்மைக்கும் தூரநோக்கிற்கும் சான்றாகும்.

அனுமதி கிடைத்ததேயன்றிப் பணம் கிடைக்கவில்லை. பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கிய பாகங்களைக் கொண்டே இயந்திரங்கள் அமைக்கப்பட்டன. 1936 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி அரோயோ செக்கோ பள்ளத்தாக்கில் அவர்களது முதலாவது இயந்திரம் சோதிக்கப்பட்டது. மெதனோல் எரிபொருள், ஒட்சிசன் வாயு அதனை எரிக்கும் துணை. மணல்மூட்டைகளின் பின்னால் குழுவினர் பதுங்கியிருந்தனர். பல முயற்சிகள் பயனளிக்கவில்லை. இறுதி முயற்சியில் ஒட்சிசன் குழாயே தீப்பற்றி, வாலறுந்த பாம்புபோல நெருப்பைக் கக்கிக்கொண்டு தரையிற் சுழன்றது. எல்லோரும் ஓட்டம்பிடித்தனர். ஆயினும் அடுத்தடுத்த மாதங்களில் முயற்சி கைகூடியது. 1937 ஜனவரியில் அவ்வியந்திரம் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் தொடர்ந்து இயங்கிற்று. செவ்வாய்க் கிரகத்துக்கு ஊர்திகளை அனுப்பிய ஜெற் உந்துகை ஆய்வுகூடம் இந்த ஒக்டோபர் நாளையே தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

அதன் பின்னர் வெல்ட் ஆர்னோல்ட் என்ற உதவியாளர் ஆயிரம் டொலர் தருவதாக முன்வந்தார். செய்தித்தாளிற் சுற்றிய சிறு நாணயத்தாள்களாக முதல் தவணை வந்து சேர்ந்தது. பணம் எங்கிருந்து வந்ததென்று எவரும் கேட்கவில்லை. இதே காலத்தில் சீனாவிலிருந்து வந்து கல்டெக்கிற் பயின்ற சியென் சூசென் என்ற மாணவரும் குழுவில் இணைந்தார். பிற்காலத்தில் அமெரிக்காவில் சந்தேகத்துக்கு உள்ளாகி, 1955 இல் தாயகம் திரும்பி, சீனாவின் ஏவுகணைத் திட்டத்தின் தந்தையாக விளங்கியவர் இவரே.

குழுவினர் கட்டடத்துக்குள் செய்த பரிசோதனையொன்றில் நைதரசனீரொட்சைட்டு வாயு கசிந்து பரவியது. அரிக்கும் தன்மை வாய்ந்த அந்த நச்சு வாயு, ஆய்வுகூடத்திலிருந்த விலையுயர்ந்த கருவிகளில் துருப்படலத்தை ஏற்படுத்திற்று. கருவிகளை எண்ணெயிட்டுத் துடைப்பதில் நாட்கள் கழிந்தன. குழு கட்டடத்துக்கு வெளியே தள்ளப்பட்டது. தற்கொலைக் குழுவினர் என்ற பட்டப்பெயரை மாணவர் உலகம் அவர்களுக்குச் சூட்டியது. பின்னொரு சந்தர்ப்பத்தில் இயந்திரம் வெடித்துச் சிதறியபோது, கருவியின் ஒரு துண்டு மலினா வழமையாக அமர்ந்து அளவீடு எடுக்கும் இடத்தை ஊடறுத்துச் சென்று பதிந்தது. வொன் கார்மனிடம் தட்டச்சு இயந்திரமொன்றைக் கொண்டுசெல்வதற்காக மலினா அவ்வேளை அவ்விடத்தைவிட்டுச் சென்றிருந்தார். உயிர் தப்பியது தற்செயலாகவே.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ரொக்கெட் இயந்திரம் என்பது கட்டுப்படுத்தப்பட்ட ஒரு வெடிப்பேயாகும். எரிபொருளும் ஒட்சியேற்றியும் மூடிய அறையில் எரிந்து, உண்டாகும் வாயு ஒடுங்கிய துவாரத்தினூடாகப் பெருவேகத்தில் வெளியேறும்போது எதிர்த்திசையில் உந்துவிசை பிறக்கிறது. உள்ளே உண்டாகும் வாயுவின் அளவும் வெளியேறும் அளவும் சமநிலையில் இருக்கும்வரை அது இயந்திரம். சமநிலை குலைந்தால் அதுவே குண்டு. வாணவேடிக்கைக்காரர்களும் பொழுதுபோக்காக ரொக்கெட் செய்தவர்களும் இதனை உயிர்விலை கொடுத்தே அறிந்துகொண்டனர். ஜேர்மனியில் ரொக்கெட் மோட்டார் வண்டிகளைச் செய்து புகழ்பெற்ற மக்ஸ் வலியர், 1930 ஆம் ஆண்டு மே 17 ஆம் திகதி பேர்லினில் இயந்திரமொன்றைச் சோதித்தபோது அது வெடித்து, உலோகத் துண்டு நெஞ்சிற் பாய்ந்து உயிரிழந்தார்.

பார்சன்ஸின் நிபுணத்துவம் நீதிமன்றத்திலும் பயன்பட்டது. 1938 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஊழலை ஆராய்ந்துவந்த துப்பறிவாளர் ஒருவரின் காருக்குக் குண்டு வைத்ததாகப் பொலிஸ் அதிகாரி ஒருவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. இருபத்துமூன்று வயதான பார்சன்ஸ் அக்குண்டின் மாதிரியொன்றைச் செய்து, கார் ஒன்றில் வெடிக்கவைத்துக் காட்டி, நிபுணத்துவ சாட்சியம் அளித்தார். அவ்வதிகாரி குற்றவாளியாகக் காணப்பட்டார். பட்டமற்ற இளைஞரின் பெயர் பத்திரிகைகளின் முன்பக்கத்தை எட்டியது.

உலகப் போர் நெருங்கியபோது நிலைமை மாறியது. குறுகிய ஓடுபாதையிலிருந்து பாரமேற்றிய விமானங்களை எழுப்ப ரொக்கெட்டுகள் உதவக்கூடும் என்று அமெரிக்க இராணுவம் எண்ணியது. 1939 இல் தேசிய விஞ்ஞானக் கழகம் முதலில் ஆயிரம் டொலரையும் பின்னர் பத்தாயிரம் டொலரையும் குழுவுக்கு வழங்கியது. சிறுவயதில் வாணம் விட்ட அதே பள்ளத்தாக்கில் காணி குத்தகைக்கு எடுக்கப்பட்டது. ரொக்கெட் என்ற சொல்லுக்கு மதிப்பில்லாதிருந்தமையால், ஜெற் என்ற சொல்லே திட்டத்துக்குப் பயன்படுத்தப்பட்டது. ஆய்வுகூடத்தின் பெயரில் அச்சொல் இன்றும் நிலைத்திருக்கிறது.

திண்ம உந்துபொருள் ஒன்றைச் சில செக்கன்களுக்கு மேலாகச் சீராக எரியவைக்க முடியுமா என்பதே அன்றிருந்த பெரிய கேள்வி. இயலாது என்று நிபுணர்கள் கூறினர். எரியும் மேற்பரப்பின் பரப்பளவும் வாயு வெளியேறும் துவாரத்தின் பரப்பளவும் ஒரே விகிதத்தில் இருக்குமானால் எரிதல் உறுதியாகவே இருக்கும் என்பதை வொன் கார்மனும் மலினாவும் சமன்பாடுகளால் நிறுவினர். கோட்பாடு வழியைத் திறந்தது. அவ்வழியே நடப்பதற்கு ஏற்ற கலவையைக் கண்டறிவது பார்சன்ஸின் பொறுப்பாயிற்று.

1941 ஓகஸ்ட் மாதம் மார்ச் பீல்ட் விமானத்தளத்தில் எர்கூப் என்ற சிறு விமானத்தின் இறக்கைகளின்கீழ் பார்சன்ஸின் ரொக்கெட்டுகள் பொருத்தப்பட்டன. கப்டன் ஹோமர் பூஷி விமானத்தைச் செலுத்தினார். விமானம் எழுவதற்குத் தேவைப்பட்ட தூரம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தது. சில நாட்களின் பின்னர் முன்விசிறியைக் கழற்றிவிட்டு ரொக்கெட்டுகளின் விசையால் மாத்திரமே அவ்விமானம் எழுந்து பறந்தது. அமெரிக்காவில் அவ்வாறு விமானமொன்று பறந்தது அதுவே முதற்தடவையாகும்.

எனினும் ஒரு குறை அச்சுறுத்தியது. செய்து வைத்த ரொக்கெட்டுகள் சில நாட்கள் களஞ்சியத்தில் இருந்தால், இயக்கும்போது வெடித்துச் சிதறின. பகலின் வெப்பத்திலும் இரவின் குளிரிலும் உந்துபொருள் விரிந்து சுருங்கியதால் அதில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றின. உறையின் சுவரிலிருந்தும் அது விலகியது. வெடிப்புகளினூடாகத் தீ புகுந்தபோது எரியும் பரப்பு கணப்பொழுதிற் பெருகி, அமுக்கம் உயர்ந்து, உறை பிளந்தது. எர்கூப் சோதனைக்கான ரொக்கெட்டுகள் காலையிற் செய்யப்பட்டு அன்றே பயன்படுத்தப்பட்டமைக்குக் காரணம் இதுவே. வெப்ப வலயத்துத் தீவுகளிலும் குளிர் வடதுருவத்திலும் போரிடும் கடற்படைக்கு அத்தகைய ரொக்கெட் எவ்வாறு உதவும்?

1942 ஆம் ஆண்டில் பார்சன்ஸ் விடையைக் கண்டார். கூரைக்கும் வீதிக்கும் இடும் சாதாரணத் தாரை உருக்கி, அதனுடன் பொற்றாசியம் பேர்குளோரேற்று என்னும் ஒட்சியேற்றியைக் கலந்து, உறைக்குள் வார்த்து ஆறவிட்டார். தூளை இடித்து இறுக்கும் ஆயிரமாண்டு கால முறை அத்துடன் பின்தள்ளப்பட்டது. தார் எரிபொருளாகவும் பிணைப்பாகவும் ஒருங்கே பயன்பட்டது. வெப்பத்திலும் குளிரிலும் அது வெடிப்புறாமல் நெகிழ்ந்து கொடுத்தது. சிறுவயதில் கருமருந்துடன் பசையைக் கலந்த அனுபவமே முதிர்ந்து இவ்வடிவம் பெற்றது. பிற்காலத்தில் தாரின் இடத்தைச் செயற்கை இறப்பர் பிடித்துக்கொண்டதாயினும் அடிப்படை அதுவே. 1958 ஜனவரி 31 ஆம் திகதி விண்ணுக்கு ஏவப்பட்ட அமெரிக்காவின் முதற் செய்மதியான எக்ஸ்புளோரரின் மேற்கட்ட ரொக்கெட்டுகளும், விண்ணோடத்தின் இருபுறமும் பொருத்தப்பட்டிருந்த பெரும் ரொக்கெட்டுகளும் இம்மரபின் வழிவந்தவையே.

1942 மார்ச் மாதத்தில் வொன் கார்மன், மலினா, பார்சன்ஸ், போர்மன் முதலானோர் ஏரோஜெற் என்ற கம்பனியை நிறுவினர். போர்க்காலத் தேவை அதனை விரைந்து வளர்த்தது. இவ்வேளையில்தான் பார்சன்ஸின் வாழ்க்கை திசைமாறத் தொடங்கிற்று. அலெஸ்டர் குரோலி என்ற ஆங்கிலேயரைக் குருவாகக் கொண்ட மறைபொருட் சமயக் குழுவொன்றில் அவர் 1941 இல் இணைந்திருந்தார். அவரது இல்லம் அக்குழுவின் மடமாக மாறியது. இரவெல்லாம் சடங்குகளும் விருந்துகளும். பகலில் வெடிபொருட்களுடன் வேலை. ஒருவரின் நம்பிக்கை அவரது சொந்த விடயம். அதனை இங்கு விசாரணை செய்யவேண்டியதில்லை. ஆனால் உறக்கமற்ற கண்களோடும் போதையின் தளர்ச்சியோடும் வெடிமருந்தைக் கையாள்வது சொந்த விடயமன்று. அருகில் நிற்பவரின் உயிரும் அதில் தங்கியிருக்கிறது.

ஏரோஜெற் பெருந்தொழிற்சாலையாக வளர்ந்தபோது ஒழுங்குகளும் விதிகளும் இன்றியமையாதனவாயின. பார்சன்ஸும் போர்மனும் பழைய பள்ளத்தாக்குச் சிறுவர்களாகவே இருந்தனர். பாதுகாப்பு விடயத்தில் அவர்கள் காட்டிய அசட்டையும் பார்சன்ஸின் வாழ்க்கை முறையும் கம்பனியின் புதிய உரிமையாளர்களுக்கு ஒவ்வாதனவாயிருந்தன. 1944 ஆம் ஆண்டின் இறுதியளவில் பார்சன்ஸ் தனது பங்குகளை ஏறக்குறைய 11,000 டொலருக்கு விற்று வெளியேறினார். பின்னாளில் அப்பங்குகளின் பெறுமதி பன்மடங்காகப் பெருகியது. 1946 இல் கூட்டு வியாபாரமொன்றில் சேமிப்பின் பெரும்பகுதியும் பறிபோனது.

அடுத்து வந்த ஆண்டுகள் சரிவின் ஆண்டுகள். கம்யூனிச எதிர்ப்பு வெறி அமெரிக்காவைப் பீடித்திருந்த காலம் அது. பழைய நட்புகளும் சமயக் குழுவின் தொடர்பும் அவரைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கின. இரகசிய ஆய்வுகளில் ஈடுபடுவதற்கான அரச அனுமதி பறிக்கப்பட்டு, மீளக் கிடைத்து, மீண்டும் பறிபோனது. ரொக்கெட் துறைக்கு வித்திட்டவர், அத்துறையின் கதவுகள் மூடப்பட்ட நிலையில் பிழைப்புக்காகப் பல்வேறு வேலைகளைச் செய்தார். இறுதியில் சினிமாப் படப்பிடிப்புகளுக்குத் தேவையான வெடிகளைச் செய்து கொடுப்பதே வருவாய் ஆயிற்று. ஒரேஞ்ச் குரோவ் வீதியில் மாளிகையொன்றின் பழைய வண்டிக் கொட்டகையே அவரது இருப்பிடமும் ஆய்வுகூடமுமாயிருந்தது. சலவை அறையில் இரசாயனங்கள் அடுக்கப்பட்டிருந்தன. மேல்மாடியில் வேறு மனிதர்கள் குடியிருந்தனர்.

1952 ஜூன் மாதம் பார்சன்ஸும் மனைவியும் மெக்சிக்கோவுக்குப் புறப்பட ஆயத்தமாயிருந்தனர். பயணத்துக்கு முன்னதாக, சினிமாக் கம்பனியொன்றின் அவசரக் கட்டளையொன்றை முடித்துக் கொடுக்கவேண்டியிருந்தது. ஜூன் 17 ஆம் திகதி மாலை ஐந்து மணி கடந்த சில நிமிடங்களில் அவ்வீட்டில் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது. கீழ்த்தளம் சிதைந்தது. மேல்மாடியிலிருந்தவர்கள் தப்பினர். வலது கையை இழந்து, முகம் சிதைந்து, இடிபாடுகளிடையே நினைவோடு கிடந்த பார்சன்ஸ் வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்பட்டுச் சிறிது நேரத்தில் உயிர்நீத்தார். செய்தியறிந்த தாயார் ரூத், அன்றைய தினமே தன்னுயிரையும் மாய்த்துக்கொண்டார். ஒரே மகனுக்காக வாழ்ந்த தாய் அவர்.

மேர்க்குரி பல்மினேற்று என்னும் வெடிபொருள் கைதவறி வீழ்ந்தமையே காரணம் எனப் பொலிஸ் விசாரணை முடிவு செய்தது. சிறு உராய்வோ அடியோ போதும், அது வெடித்துவிடும். அதனாலேயே ஏனைய வெடிமருந்துகளைத் தூண்டிவிடும் மூட்டியாக அது நெடுங்காலம் பயன்பட்டது. இத்தனை கால அனுபவமுள்ள ஒருவர் அவ்வாறு தவறியிருக்க முடியாது என்று சில நண்பர்கள் வாதிட்டனர். கொலை என்றும் தற்கொலை என்றும் கதைகள் எழுந்தன. எவையும் நிறுவப்படவில்லை. ஆனால் மர்மங்களைத் தேடிச் செல்வதற்கு முன்னர் வெளிப்படையான உண்மையைப் பார்க்கலாம். குடியிருப்பு வீடு, மேல்மாடியில் மனிதர், கீழே குவிந்த இரசாயனங்கள், பயணத்தின் அவசரம், தனிமனித வேலை, சரிபார்க்க எவருமில்லை. விபத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அனுபவம் ஒருவரைப் பாதுகாக்கும் என்பது அரைவாசி உண்மை மாத்திரமே. அனுபவம் அச்சத்தைப் போக்கிவிடும்போது, அதுவே ஆபத்தின் வாசலாகிவிடுகிறது.

பார்சன்ஸின் இறப்புக்குப் பின் ஐந்து ஆண்டுகளில் உலகம் மாறிவிட்டது. 1957 ஒக்டோபர் 4 ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்கச் சிறுவர்கள் ஆயிரக்கணக்கில் வீட்டு நிலவறைகளிலும் கராஜ்களிலும் உலோகக் குழாய்களில் மருந்தை அடைத்து ரொக்கெட் செய்யத் தொடங்கினர். கைகளையும் கண்களையும் உயிரையும் இழந்தோர் பலர். இந்த ஆர்வத்தை எவ்வாறு கையாள்வது?

ஒரு வழி முற்றாகத் தடுப்பது. பிரித்தானியா அவ்வழியைத்தான் பின்பற்றியது. 1933 இல் லிவர்பூலில் நிறுவப்பட்ட பிரித்தானியக் கோள்களிடைச் சங்கத்தினர் ஒரு சிறு ரொக்கெட்டைக்கூட ஏவ முடியவில்லை. 1875 ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டம் தனியார் பரிசோதனைகளுக்கு இடமளிக்கவில்லை. பின்னாளில் இலங்கையைத் தன் இல்லமாக்கிக்கொண்டு 2008 இல் கொழும்பில் காலமான ஆர்தர் சி. கிளார்க் அச்சங்கத்தின் இளம் உறுப்பினர்களில் ஒருவர். அவரும் நண்பர்களும் கடதாசியிலேயே சந்திரக் கப்பலை வடிவமைத்துத் திருப்தியடைந்தனர். சிந்தனை வளர்ந்தது, எவரும் காயப்படவில்லை. ஆனால் கைகளுக்கு வேலை இருக்கவில்லை. மறுவழி பார்சன்ஸ் சென்ற வழி; தடுப்போர் இல்லை, வழிநடத்துவோரும் இல்லை. அங்கு கண்டுபிடிப்பு பிறந்தது. மரணமும் கூடவே பிறந்தது.

மூன்றாவது வழியொன்றை நெப்ராஸ்கா மாநிலத்தில் சப்பாத்துக் கடை நடத்திய ஓர்வில் கார்லைல் காட்டினார். வாணவெடிகளில் நாட்டங்கொண்டிருந்த அவர் 1954 இல் கடதாசியாலும் மென்மரத்தாலும் ஆன சிறு ரொக்கெட்டைச் செய்தார். மாற்றிப் பொருத்தக்கூடிய சிறு மோட்டார் அதனைச் செலுத்தியது. பரசூட்டின் துணையோடு அது மெல்லத் தரையிறங்கியது. ரொக்கெட் பொறியியலாளரான ஹரி ஸ்டைன், சிறுவர்களின் ஆபத்தான பரிசோதனைகள் பற்றி 1957 இல் எழுதிய கட்டுரையைக் கண்டு கார்லைல் அவருடன் தொடர்புகொண்டார். அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் மாதிரி ரொக்கெட் ஆர்வலர்களின் தேசியச் சங்கம் உருவாகியது. ஸ்டைன் பாதுகாப்பு விதிக்கோவையொன்றையும் வகுத்தார்.

அவ்விதிகள் எளிமையானவை. உந்துபொருளை எவரும் தாமாகக் கலக்கக்கூடாது; ஆயத்தமாகக் கிடைக்கும் மோட்டாரையே பயன்படுத்த வேண்டும். உடற்பகுதி உலோகமாக இருத்தலாகாது. கடதாசி, மரம், பிளாஸ்டிக் போன்ற இலேசான பொருட்களாலேயே ஆகவேண்டும். தீக்குச்சியாலன்றித் தூரத்திலிருந்து மின்சாரத்தினாலேயே மூட்ட வேண்டும். சிறிய மோட்டாருக்கு 15 அடியும் பெரியதற்கு 30 அடியும் விலகி நிற்க வேண்டும். எண்ணிக்கையை உரக்கச் சொல்லியே ஏவவேண்டும். ஏவப்படாது நின்றுவிட்டால், மின்தொடர்பைத் துண்டித்து ஒரு நிமிடம் கழியும்வரை எவரும் கிட்ட நெருங்கலாகாது. இவ்விதிகளின்கீழ் கோடிக்கணக்கான மாதிரி ரொக்கெட்டுகள் இதுவரை ஏவப்பட்டுவிட்டன. பாடசாலைச் சிறுவர் பொழுதுபோக்காகச் செய்யக்கூடிய பாதுகாப்பான கலையாக அது மாறியிருக்கிறது. ஆர்வம் அழியவில்லை, அழிவுதான் குறைந்தது.

இவ்விதிகளில் எதுவும் பார்சன்ஸ் அறியாததன்று. தூரம் விலகி நிற்பதன் பெறுமதியை மணல்மூட்டைகளின் பின்னால் பதுங்கிய 1936 இலேயே அவர் அறிந்திருந்தார். பாதுகாப்பான உந்துபொருளை உலகுக்குத் தந்தவரே அவர்தாம். தன் ரொக்கெட்டுக்கு அவர் தேடிக் கண்டறிந்த உறுதிநிலையைத் தன் வாழ்வுக்கு அவர் தேடவில்லை என்பதே துயரம். மலினாவின் கணிப்பும் வொன் கார்மனின் மேற்பார்வையும் அருகில் இருந்த காலத்தில் அவரது துணிச்சல் வரலாறு படைத்தது. அவை விலகிய பின்னர் அதே துணிச்சல் அவரைத் தின்றுவிட்டது.

1972 ஆம் ஆண்டில் சந்திரனின் மறுபக்கத்திலுள்ள பள்ளமொன்றுக்குப் பார்சன்ஸின் பெயர் சூட்டப்பட்டது. பூமியிலிருந்து பார்ப்போரின் கண்ணுக்கு அது என்றும் தெரியாது. அவரது புகழும் அத்தகையதே. இன்று நம்மிடையேயும் வானத்தை அண்ணாந்து பார்க்கும் சிறுவர்கள் இருக்கிறார்கள். அவர்களது கையிலிருப்பதைப் பறித்து எறிவது இலகு. கண்டுங்காணாமல் விட்டுவிடுவது அதனினும் இலகு. அருகில் நின்று, கலக்காதே என்று சொல்லவேண்டிய இடத்திற் சொல்லி, ஏவு என்று சொல்லவேண்டிய இடத்திற் சொல்லும் ஓர் ஆசிரியரையோ பெற்றோரையோ அவர்களுக்குக் கொடுப்பதுதான் கடினம். பார்சன்ஸுக்குக் கடைசிக் காலத்தில் இல்லாமற்போனது அந்த ஒன்றுதான்.